இலக்கம் பொறித்த குழல்

என் எழுதும் மேசையின் வலப்புறத்தில், தாள்கள் காற்றில் பறந்துவிடாதபடி அவற்றின்மேல் ஓர் இரும்புத் துண்டு கிடக்கிறது. ஒரு சாணுக்கும் சற்றுக் குறைவான நீளம். துவக்கு என்று நாங்கள் சொல்லும் துப்பாக்கி ஒன்றின் குழலில் மிச்சம் அது. அதன் ஒரு முனை வாளால் அறுக்கப்பட்டு அரத்தால் ராவப்பட்டிருக்கிறது. மறுமுனை கிழிந்து, வெளிப்புறமாக மடங்கி நிற்கிறது. மேற்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கங்களும் ஆழமாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கையிலெடுத்துப் பார்த்து, ஏதோ பழைய எந்திரத்தின் உறுப்பென்று எண்ணி வைத்துவிடுவார்கள். மேசையைத் துடைக்கும் என் மகள் மட்டும் கிழிந்த முனையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பாள். அவள் போனபின் நான் அதை மறுபடியும் என் பக்கம் திருப்பிக்கொள்வேன்.

அந்தத் துவக்கு என் அத்தானுடையது. என் ஒரே அக்காவின் கணவர் அவர். மாத்தளைக்குக் கிழக்கே ஒரு தோட்டத்தில், ரப்பர் ஸ்டோரில், பாலை உறைய வைத்துத் தகடாக உருட்டும் எந்திரத்தில் வேலை செய்தவர். உருளைகள் சுழலும் ஓசையில் இலேசான மாற்றம் கேட்டாலே எந்தப் பக்கத்து அச்சு தேய்ந்திருக்கிறதென்று சொல்லிவிடுவார் என்று அக்கா பெருமைப்படுவாள். பிறகு சில ஆண்டுகள் நில அளவையாளர்களின் கூட்டத்தில் சங்கிலி பிடிக்கப் போனார். அந்தப் பழக்கத்தால், சீகிரியாப் பக்கம் காடு வெட்டிக் குடியேற்றப் பகுதி அமைத்தபோது ஓர் அதிகாரி இவருடைய பெயரையும் பட்டியலில் சேர்த்தார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த ஒருவருக்கு அரசாங்கக் காணி கிடைப்பது அக்காலத்தில் அபூர்வத்திலும் அபூர்வம். முதலில் பிரஜாவுரிமை வேண்டும். அதற்காக அத்தான் பாட்டனின் பெயர், கப்பல் ஏறிய ஊர், தோட்டத்தில் சேர்ந்த ஆண்டு என்று கேட்டவற்றுக்கெல்லாம் ஆதாரம் திரட்டி, விசாரணைக்கு மேல் விசாரணையாக ஏறி இறங்கி, கடைசியில் பதிவுப் பிரஜை என்ற சான்றிதழைப் பெற்றிருந்தார்.

அந்தச் சான்றிதழும், காணியின் பர்மிட்டும், துவக்கின் உரிமப் பத்திரமும் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. மாதத்துக்கு ஒருமுறை, வெயில் நன்றாக விழும் நாளில், மூன்றையும் வெளியே எடுத்துப் பாயில் விரித்து, காற்றில் பறக்காதபடி மூலைக்கு ஒரு கல் வைத்து, முற்றத்தில் உலர்த்துவார். அக்கா மிளகாய் உலர்த்துவாள், பக்கத்தில் இவர் கடுதாசி உலர்த்துவார். முதன்முறை அதைப் பார்த்தபோது நான் சிரித்தேன். "சிரிங்க மச்சான், சிரிங்க. இதுல ஒண்ணுல பூஞ்சணம் பிடிச்சா மத்த ரெண்டும் செத்துப் போகும்," என்றார். அவர் சொன்னது உண்மை. பிரஜை இல்லையென்றால் காணி இல்லை. காணி இல்லையென்றால் பயிர்க்காவலுக்கான துவக்கும் இல்லை. நம்முடைய மக்கள் தாளுக்கு அஞ்சியதுபோல் புலிக்குக்கூட அஞ்சியதில்லை. பட்டதாரியான நானும் அதற்கு விலக்கல்ல. பேராதனையில் பட்டம் பெற்று, சிங்களத் தேர்விலும் தேறி, மாத்தளை மாவட்ட அரசு அலுவலகமான கச்சேரியின் காணிப் பிரிவில் எழுதுவினைஞனாக அமர்ந்திருந்த என்னிடமே அதுவரை இரண்டு தடவை பிரஜாவுரிமை ஆவணங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்திருந்தார்கள்.

காணி மூன்று ஏக்கர். மேட்டில் நின்றால் தொலைவில் சீகிரியாக் குன்று சாம்பல் நிறத்தில் தெரியும். சோளம், குரக்கன், மரவள்ளி, ஓரத்தில் கொஞ்சம் மிளகாய் என்று போட்டார்கள். மண் நல்ல மண்தான். ஆனால் காட்டுப்பன்றி விடவில்லை. முதற் போகத்தில் மரவள்ளியை ஒரே வாரத்தில் கிண்டிப் போட்டது. அடுத்த போகத்தில் சோளம் பால் பிடிக்கும் சமயத்தில் கூட்டமாக வந்து வரிசை வரிசையாகச் சாய்த்துவிட்டது. காணி உத்தியோகத்தர் வந்து பார்த்து, பயிரில்லாத காணி பயிரிடாத காணிதான் என்றும், மூன்றாவது போகத்திலும் இப்படியே கிடந்தால் பர்மிட்டை ரத்துச் செய்யச் சிபாரிசு செய்ய வேண்டிவரும் என்றும் சொல்லிப் போனார். கெட்டவரல்ல. அவருக்கும் ஒரு படிவம் இருந்தது, அதில் ஒரு கட்டம் இருந்தது, அதை அவர் நிரப்பியாக வேண்டும். பர்மிட் போனால் அத்தானும் அக்காவும் எங்கே போவது? தோட்டத்தில் அவர்களுடைய பெயர் வேலைப் பதிவேடான செக்ரோலிலிருந்து வெட்டப்பட்டு, அவர்கள் இருந்த லயத்து அறையில் வேறொரு குடும்பம் குடியேறிப் பல காலமாகியிருந்தது.

பன்றியை விரட்ட அவரிடம் இருந்தது ஓர் இடியன் துவக்கு. வாய்வழியே வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பை அடைத்து, ஈயக் குண்டுகளைப் போட்டு, கம்பியால் இடித்து நிரப்பிச் சுடுகிற பழைய வகை. உரிமம் கிடைத்ததும், முதுமையால் காவலை விட்டுவிட்ட ஒரு சிங்கள விவசாயியிடமிருந்து முறைப்படி மாற்றி வாங்கியது. அதன் குழல் அப்போதே கிழடு. யாரோ எப்போதோ சுட்டுவிட்டுக் கழுவாமல் மழைக்காலம் முழுவதும் கூரையில் செருகி வைத்திருக்கிறார்கள். மருந்தின் உப்பு அடிப்பக்கத்து இரும்பை உள்ளுக்குள் தின்றிருந்தது. மூன்றாம் போகத்துக்கு மண் கொத்துவதற்கு முன்னால் அத்தான் ஒரு சனிக்கிழமை மாத்தளைக்கு வந்து, என்னையும் கூட்டிக்கொண்டு அலுவிகாரைக்குப் போனார். பெருந்தெருவை ஒட்டி, விகாரைக்குச் சற்று முன்னால், உரிமம் பெற்ற துவக்குத் திருத்தும் பட்டறை ஒன்று அங்கே இருந்தது. பட்டறைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். தெருவில் எல்லாரும் அவரை நானா என்றே அழைத்தார்கள்.

நானா பழைய குழலைக் கழற்றி, உட்புறத்தைக் கழுவி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு அலுமாரியைத் திறந்து, எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்த வேறொரு குழலை எடுத்து மேசைமேல் வைத்தார். ஊருக்குத் திரும்பிவிட்ட ஒரு வெள்ளைக்காரத் துரையின் துவக்கிலிருந்து எஞ்சியது. கட்டையைக் கறையான் தின்றுவிட, குழல் மட்டும் தப்பியிருந்தது. நானாவின் பதிவேட்டில் முறையாக ஏறிய குழல்தான். "இது சீமைச் சாமான். ஒட்டுப் போட்ட குழல் இல்ல, ஒரே இரும்பு. உள்ளுக்கு வரி கிரி ஒண்ணுமில்ல, கண்ணாடி மாதிரி ஈக்கும். பாருங்க," என்றார்.

அடுத்த ஒரு மணி நேரத்தை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அத்தான் அந்தக் குழலை உடனே கண்ணில் வைக்கவில்லை. முதலில் அதன் வாயருகே ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு விரற்கட்டை மரக்குச்சியால் மெல்லத் தட்டினார். கோயில் மணியை யாரோ தூரத்தில் அடித்துவிட்டுக் கையெடுத்ததுபோல் ஓசை நீண்டுகொண்டே போய்த் தேய்ந்தது. பழையதைத் தொங்கவிட்டுத் தட்டினார். உடைந்த சட்டியைத் தட்டியதுபோல் ஓசை எழுந்த இடத்திலேயே விழுந்தது. பிறகு கம்பியின் நுனியில் ஈரத்துணி சுற்றி, இரண்டு குழலுக்குள்ளும் மிக மெதுவாகச் செலுத்தி இழுத்தார். புதியதில் துணி ஒரே சீராகப் போய் வந்தது. பழையதில் அடிப்பக்கத்தை நெருங்கியதும் நின்று, நழுவி, மறுபடியும் நின்றது. "பாத்தீங்களா, இந்த எடத்துல மூச்சு வாங்குது," என்றார். கடைசியில்தான் வாசலுக்குப் போய், குழலை வானத்தை நோக்கிப் பிடித்துக் கண்ணில் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

"என்னா தம்பி, மாப்புள்ள பாக்கிற மாதிரி பாக்கிறீங்க?" என்று நானா சிரித்தார்.

"மாப்புள்ளைன்னா, சரியில்லைன்னா தாய் வீட்டுக்கு அனுப்பிச்சிறலாம் நானா. இது என் மூஞ்சிக்குப் பக்கத்துல வெடிக்கிற சாமான்," என்றார் அத்தான், கண்ணை எடுக்காமலே. பிறகு என்னை அழைத்தார். "மச்சான், இங்க வாங்க. கெணத்துத் தண்ணியில கல்லப் போட்டா வட்டம் வட்டமா போகுமே, அந்த மாதிரி உள்ளுக்கு வெளிச்சம் நிக்கும். ஒரு வட்டமும் ஒடையக் கூடாது. பாருங்க." பார்த்தேன். வளையம் வளையமாக ஒளி, ஒன்றுக்குள் ஒன்றாக, அப்பழுக்கில்லாமல் நின்றது. "இப்ப இதப் பாருங்க," என்று பழைய குழலை நீட்டினார். அதையும் கண்ணில் வைத்தேன். ஆனால் என் மனம் அங்கில்லை. என் பெருவிரல் குழலின் மேற்புறத்தில் பொறித்திருந்த இலக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தது. "எனக்கு ஒண்ணும் பெருசா தெரியலையே, அத்தான்," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

என் மனத்தில் அப்போது ஓடியது இதுதான். உரிமப் பத்திரத்தில் எழுதியிருப்பது குழலில் உள்ள இலக்கம். குழலை மாற்றினால் சட்டத்தின் கண்ணில் அது வேறொரு துவக்கு. ஆண்டு முடிவில் உரிமத்தைப் புதுப்பிக்கத் துவக்கைக் கொண்டுபோய்க் காட்டும்போது இலக்கம் பொருந்தாவிட்டால் அது அனுமதியற்ற ஆயுதம். அனுமதியற்ற ஆயுதம் வைத்திருந்தவர் யார், அவருக்குக் காணி எப்படிக் கிடைத்தது, அவர் எப்போது பிரஜையானார் என்று கேள்விகள் ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்று வரும். டின்னில் இருந்த மூன்று தாள்களும் என் கண்முன் நின்றன. ஆகவே, முதலில் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், அதுவரை இந்தக் குழலைத் தொடக் கூடாது என்றேன். நானா என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அதுக்கு ஏன் தம்பி அவ்வளவு கஷ்டம்? அதே நம்பர இதுல நான் தட்டித் தாறேன். பழச உருக்கிப் போட்டுருவேன். ஒரு மாசத்துல ரெண்டு பேரு இப்படிச் செஞ்சிட்டுப் போறாங்க. நம்பருக்கு வெடிக்கத் தெரியாது, இரும்புக்குத்தான் தெரியும்," என்றார்.

அத்தான் குழலைக் கையில் வைத்தபடி என் முகத்தையே பார்த்தார். வேண்டுமென்றால் அவரே முடிவு செய்திருக்கலாம். நான் அங்கு வந்திருக்காவிட்டால் செய்தும் இருப்பார். ஆனால் குடும்பத்தில் படித்தவன், கச்சேரியில் இருப்பவன், தாள்களின் குணம் அறிந்தவன் நான். இலக்கத்தைப் போலியாகப் பொறிப்பது குற்றம் என்றேன். ஊரில் எல்லாரும் செய்கிறார்கள் என்பது அதை நியாயமாக்காது என்றேன். நம்மைப் போன்றவர்கள், எப்போது தடுக்கி விழுவார்கள் என்று பிறர் காத்திருக்கும் நிலையில் உள்ளவர்கள், மற்றவர்களைவிட இருமடங்கு நேராக நடக்க வேண்டும் என்று ஒரு சிறு பிரசங்கமே செய்தேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இன்று கேட்டாலும் அவற்றில் எதையும் மறுக்க எனக்கு வழி தெரியவில்லை. அதுதான் என் சோர்வின் மூலம். பிழையான ஒன்றைச் சொல்லியிருந்தால் அதை ஒப்புக்கொண்டு ஓய்ந்திருப்பேன்.

"சரி நானா. பழசையே மாட்டிக் குடுங்க," என்றார் அத்தான். புதிய குழலை அவரே எண்ணெய்த் துணியில் சுற்றி, அலுமாரிக்குள் அது முன்பு கிடந்தபடியே வைத்தார். நானா பழைய குழலைப் பூட்டும்போது, "அரைவாசி மருந்துக்கு மேல போடாதீங்க. சத்தம் வரும், அது போதும்," என்றார். அதற்கு அளவாக, கண்மருந்துக் குப்பி ஒன்றின் மூடியை மேசை லாச்சியிலிருந்து தேடியெடுத்துக் கொடுத்தார். பேருந்துக்கு நிற்கும்போது அத்தான் ஒரு தடவை மட்டும், "நல்ல குழல், மச்சான்," என்றார். குறையாகச் சொல்லவில்லை. தனக்குள் சொல்லிக்கொண்டது வெளியே கேட்டுவிட்டது, அவ்வளவுதான்.

அன்று மாலையே விண்ணப்பத்தை எழுதினேன். சிங்களத்தில், பிழையில்லாமல், காரணங்களை நிரல்படுத்தி. அது கிராம சேவகர் வழியாகவும் பிரதேசக் காரியாலயம் வழியாகவும் சென்று, இரண்டு மாதத்துக்குப் பிறகு எங்கள் கச்சேரிக்கே வந்து சேர்ந்தது. ஒருநாள் வேறு வேலையாக மேல்மாடிக்குப் போனபோது, துவக்குரிமங்களைக் கவனிக்கும் நண்பரின் மேசையில் என் கையெழுத்தை நானே கண்டேன். கட்டின் நடுவில், மேலே பத்துப் பன்னிரண்டு கோப்புகள். "நம்ம அத்தானுடையது, கொஞ்சம் பாருங்க," என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அதை உருவி மேலே வைத்திருப்பார். அவ்வளவு நல்ல மனிதர். நான் சொல்லவில்லை. உறவினனுக்காக வரிசையைக் குலைப்பது மற்ற பன்னிரண்டு பேருக்கும் செய்யும் அநீதி என்று எண்ணினேன். அவர்களுடைய வயல்களிலும் பன்றி இறங்கியிருக்குமே என்று எண்ணினேன். இவை உண்மையாகவே நான் எண்ணியவை. ஆனால் இன்னொன்றையும் எண்ணினேன் என்பதை இத்தனை காலம் கழித்தாவது எழுதிவிட வேண்டும். ஆயுதம் சம்பந்தமான ஒரு கோப்பில் என் பெயர் அடிபடக் கூடாது, என் ஆவணங்களை மூன்றாவது தடவை யாரும் கேட்கக் கூடாது என்றும் எண்ணினேன். தேநீர் குடித்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

அதற்கு மூன்று வாரங்களுக்குப் பின், ஒரு காலையில், கச்சேரி விறாந்தையில் ஒருவர் என்னைத் தேடி வந்து நின்றார். அத்தானின் அடுத்த காணிக்காரர். சிங்களவர். அத்தான் அவரை 'அய்யே' என்று மூத்த சகோதரனை அழைப்பதுபோல் அழைப்பார். சுடப்படும் பன்றியில் பாதி அவர் வீட்டுக்குப் போகும். அவருடைய சாரத்தில் உலர்ந்த இரத்தம் இருந்தது. விடியும் வேளையில் சோளத்துக்குள் பன்றி இறங்கியதாகவும், அத்தான் பரணிலிருந்து சுட்டபோது குழல் அடிப்பக்கத்தில் வெடித்துப் பிளந்துவிட்டதாகவும், மரம் ஏற்றிவந்த லொறியை மறித்து மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததாகவும் சொன்னார். சொல்லிவிட்டு, தானே குற்றவாளி என்பதுபோல், "நான் பக்கத்தில்தான் இருந்தேன், மாத்தயா," என்று சிங்களத்தில் மெல்லச் சொன்னார்.

அத்தானின் இடக்கையில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் போய்விட்டன. கன்னத்தில் மருந்து சுட்ட கரும்புள்ளிகள். கண்கள் தப்பியிருந்தன. கட்டிலருகே போய் நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் சொன்னது நினைவிருக்கிறது. "கடுதாசி மூணும் டின்னுல பத்திரமா இருக்கு, மச்சான். நம்பர் இருக்கிற துண்டும் தப்பிச்சிருச்சு. அக்காவ அந்தச் சோளத்துக்குள்ள தேடி எடுக்கச் சொன்னேன், மடியில முடிஞ்சுதான் வந்திருக்கா. பயப்படாதீங்க." அக்கா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பின் முடிச்சில் ஏதோ கனமான பொருள் தொங்கியது. கணவன் இரத்தம் வடியக் கிடக்கையில், ஒடிந்த சோளத் தட்டைகளுக்கிடையே குனிந்து குனிந்து ஓர் இலக்கத்தைத் தேடியிருக்கிறாள் என் அக்கா. அதைத் தேடத்தான் வேண்டும் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

பிறகு அத்தான் குரலைத் தாழ்த்தி, "என் தப்புத்தான். அன்னைக்குக் கூட்டம் பெருசா இருந்துச்சா, ஒரு சிட்டிகை மருந்து கூடப் போட்டுட்டேன்," என்றார்.

விசாரணை நடந்தது. சுருக்கமாகவும் மரியாதையாகவும் நடந்தது. துவக்கின் இலக்கம் உரிமப் பத்திரத்தின் இலக்கத்துடன் பொருந்துகிறது என்றும், உரிமையாளர்மீது குற்றம் ஏதுமில்லை என்றும் அறிக்கை எழுதப்பட்டது. காணியும் போகவில்லை. 'அய்யே'யும் பக்கத்துக் காணிக்காரர்களும் முறை போட்டுக் காவல் காத்து, எஞ்சிய சோளத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். காணி உத்தியோகத்தர் தம் படிவத்தின் கட்டத்தை நல்லபடியாகவே நிரப்பினார். ஆறு வாரங்கள் கழித்து, குழலை மாற்றிக்கொள்ள அனுமதி வழங்கும் கடிதமும் வந்தது. பழைய குழலை ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன். அத்தான் அதை என்னிடம் வாசிக்கக் கொடுத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டு, மடித்து டின்னுக்குள் வைத்தார். அவர் இனித் துவக்கே வேண்டாமென்று உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தத் துண்டும், ஒரு முனை அறுத்து ராவப்பட்டு, கச்சேரிக்குப் போய், கம்பியால் கட்டிய ஒரு சீட்டோடு கோப்பின்மேல் பல ஆண்டுகள் கிடந்தது. பழைய கோப்புகளை அழித்த ஆண்டில், பிரதம எழுதுவினைஞரிடம் எழுத்தில் அனுமதி கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எழுத்தில். நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை போலும்.

அத்தான் அதற்குப் பின்னும் நெடுங்காலம் வாழ்ந்தார். மம்பட்டியை இடக்கையின் இரண்டு விரல்களுக்கிடையே கொடுத்து, முழங்கையால் அணைத்துக் கொத்தப் பழகிக்கொண்டார். பன்றிக்குத் தகரம் அடித்தார். ஒவ்வோர் ஆண்டும் வஹகோட்டை அந்தோனியார் திருவிழாவுக்கு அக்காவோடு வருவார். நேர்ச்சைக்குப் புதுச் சோளம் கொண்டுவருவார். கோயில் முற்றத்தில் என்னைக் கண்டதும் அந்தக் கையை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வேறு யார் முன்னாலும் அவர் அதை மறைத்ததில்லை என்று எனக்குத் தெரியும். என்னைப் பற்றிப் பிறரிடம் பேசும்போது, "எங்க மச்சான் சொன்னா சட்டம்தான்," என்பார். கேலி இல்லை. மனமார்ந்த மதிப்பு. அந்த மதிப்பைச் சுமந்துகொண்டு கச்சேரிப் படிகளை ஏறி இறங்கி நான் ஓய்வுபெற்றேன்.

அவ்வளவு காலமும் நான் ஒரு சிட்டிகை மருந்தைப் பற்றிக்கொண்டிருந்தேன். அரைவாசிக்குமேல் போடாதீர்கள் என்று நானா சொன்னார். அத்தான் ஒரு சிட்டிகை கூடப் போட்டார். ஆகவே பழைய குழல் வெடித்தது. சோர்ந்துபோகும் நாட்களிலெல்லாம் மனம் அந்த ஒரு சிட்டிகையிடம் போய்ச் சற்று உட்கார்ந்துகொள்ளும். அத்தான் இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்து, அக்காவின் வீட்டில் இருவரும் தனியே இருந்தபோது, ஏதோ பேச்சில் அதையும் சொல்லிவிட்டேன். அவர் அன்றைக்கு அந்த ஒரு சிட்டிகையைக் கூடப் போடாமல் இருந்திருந்தால், என்றேன்.

அக்கா சாமான் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. "கூடவா? யாரு போட்டது?" என்றாள். "மருந்த அளந்து குடுக்கிறது நான்தானேடா தம்பி. அந்தக் குப்பி மூடி எங்கிட்டதான் இருந்துச்சு, டின்னோட. தன் கையில இருந்தா ஆத்திரத்துல கூடப் போட்டுருவேன்னு அவரேதான் எங்கிட்டக் குடுத்து வச்சாரு. அன்னைக்கும் மூடியால தலைதட்டி ஒரே ஒரு அளவு. அதுக்கு மேல ஒரு பொட்டு இல்ல." கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "அவரு அப்படிச் சொன்னாரா ஒங்கிட்ட? சொல்லியிருப்பாரு. நீ ஆஸ்பத்திரிக்குள்ள வந்த கோலத்தப் பாத்தவரு."

அன்று அவளுடைய மகன் வயலிலிருந்து வந்து, காணிக்கு முழு உரிமை தரும் உறுதிப் பத்திரம் வழங்கப்போகிறார்களாம் என்றும், அதற்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்றும் என்னிடம் கேட்டான். அக்கா உள்ளே போய் டின்னை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

இப்போதும் சிலர் படிவங்களோடு என் வீட்டுக்கு வருகிறார்கள். எழுதிக் கொடுக்கிறேன். முன்பைப்போலவே பிழையில்லாமல் எழுதுகிறேன். முன்பு கேட்காத ஒன்றைக் கேட்கிறேன்: இது வரும்வரை என்ன செய்வீர்கள்? சிலர் பதில் சொல்கிறார்கள். பலர் என்னை வியப்போடு பார்க்கிறார்கள். பதில் வந்தாலும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கே எப்போதும் தெரிவதில்லை.

இன்று காலை, அவர்கள் யாரும் வருவதற்கு முன், இரும்புத் துண்டை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே பார்த்தேன். இத்தனை ஆண்டுகளில் அதை நான் கண்ணில் வைத்தது அதுவே முதன்முறை. ராவிய முனையில் ஒளி ஒரு வட்டமாக நின்றது. அதற்குள் இன்னொரு வட்டம். அதற்கும் அப்பால், கிழிசலை நெருங்குமிடத்தில், வட்டத்தின் ஒரு பக்கத்தை ஏதோ கடித்துத் தின்றதுபோல் கருப்பாக ஒரு குறை. தேடவே வேண்டியிருக்கவில்லை. பார்த்தவுடன் தெரிந்தது. அன்று அலுவிகாரைப் பட்டறை வாசலில், இதைவிட நல்ல வெளிச்சத்தில், இதைவிட நல்ல கண்களுக்கு முன்னால், அத்தான் எனக்குக் காட்டியது இதைத்தான்.

துண்டைத் தாள்களின்மேல் திரும்ப வைத்தேன். பொறித்த இலக்கத்தில் ஒரு கோடும் தேயவில்லை.